குணம் அங்கிளுக்கு வைத்த வைன்

செத்தவருக்குப் படைத்து வைத்த வைனை எடுத்துக் குடித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் கதையில் நான் எலும்பையும் சூப்பிக்கொண்டு இருந்ததாக வரும். எலும்பு பொய். ஒரு துண்டு இறைச்சி உண்மை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. டவுன்டவுனில் ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. வேலை முடிந்த பிறகு மற்றவர்கள் ஜிம்முக்குப் போனார்கள், நான் ஆறு கிழமை வைன் வகுப்புக்குப் போனேன். இத்தாலிய வைன்களும் அவற்றோடு பொருந்தும் சாப்பாடுகளும் என்பது பாடம். கடைசி நாள் எங்கள் பெயரை அச்சடித்து ஒரு சேர்ட்டிபிகேட் தந்தார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். (பல்கலைக்கழகப் பட்டம் இன்னும் வந்த உறைக்குள்ளேயே கிடந்தது.) அன்றிலிருந்து என்னோடு ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. அம்மா மீன் பொரித்தால், இதற்குக் கடற்கரைப் பக்கத்து வெள்ளை வைன்தான் எடுபடும் என்பேன். நண்பன் பீட்சா வாங்கி வந்தால், தக்காளிப் புளிப்புக்குக் கியாந்தி என்கிற சிவப்பு வைன் இல்லாமல் எப்படி என்று முகத்தைச் சுளிப்பேன். இத்தாலிக்கு நான் ஆகக் கிட்டப் போனது இங்கே இத்தாலியர்கள் குடியிருக்கும் வூட்பிரிட்ஜ் வரைக்கும்தான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

யாழினியை அந்த வகுப்புக்கு முன்பிருந்தே தெரியும். எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி மேலே வேலை செய்தாள். மூன்று வருடப் பழக்கம். கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு முன் தகப்பன் என்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றதால், ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்வேர்னில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். வாசலில் வைத்து அவள் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள். அப்பாவோடு எதைப் பற்றியும் கதைக்கலாம், சாப்பாட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்.

அவளுடைய தகப்பன் குணம் அங்கிள் இருபத்தாறு வருடம் ஓர் இத்தாலிய ரெஸ்ரோரன்டில் வேலை செய்தவர். கோப்பை கழுவத் தொடங்கி, கடைசியில் அந்தக் குசினிக்கே பெரியவராக வந்தவர். வீட்டிலும் அவருக்கென்று ஒரு குசினி இருந்தது, கீழே பேஸ்மென்டில். அங்கே ஒரு பெரிய மேசை, ஒரு பழைய ஃபிரிட்ஜ், அவர் மட்டுமே இருக்கும் ஒரு கதிரை. மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். பேசுவதற்கு முன் ஓர் இருமல் வரும், முதலில் சின்னதாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று. வருடக்கணக்காக அடுப்புப் புகையைக் குடித்த இருமல் என்று யாழினி சொல்லியிருந்தாள். அந்த இருமல் கேட்டால் வீட்டில் எல்லோரும் கதையை நிறுத்திவிடுவார்கள்.

அன்று ஆட்டிறைச்சிக் கறி. அங்கிள் ஃபிரிட்ஜைத் திறந்து, வியர்த்துப்போன ஒரு போத்தலை எடுத்து, எவர்சில்வர் ரம்ளர்களில் ஊற்றினார். கறுஞ்சிவப்பு வைன், மேலே சோடாவைப் போல் நுரை. லாம்புரூஸ்கோ. எங்கள் வகுப்பில் ஆசிரியர் அரை நிமிடத்தில் சிரித்துவிட்டுக் கடந்துபோன வைன்.

யாழினி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அந்த மிதியோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல், சிவப்பு வைனைக் குளிர வைக்கக் கூடாது என்றும், உலோகப் பாத்திரத்தில் ஊற்றவே கூடாது என்றும், ஆட்டிறைச்சிக்குப் பொருத்தமானது துவர்ப்பு ஏறிய, இத்தாலியின் ராஜ வைனாகிய பரோலோ என்றும், அதை ஒரு மணித்தியாலம் முன்பே திறந்து மூச்சு விட வைக்க வேண்டும் என்றும், இருபத்தாறு வருடம் இத்தாலியச் சமையல் செய்தவருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். சேர்ட்டிபிகேட்டைப் பற்றியும் சொன்னேன் என்று நினைக்கிறேன். (சொன்னீர்கள், அது எந்தச் சுவரில் தொங்குகிறது என்றும் சொன்னீர்கள் என்கிறாள் யாழினி.)

அங்கிள் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு இருமினார்.

"உறைப்போட துவர்ப்பு நிக்காது தம்பி. உறைப்புக்குக் குளிரும் கொஞ்ச இனிப்பும் வேணும்."

புத்தகத்தில் அப்படி இல்லை என்றேன்.

"அப்ப ஒண்டு செய்வம். நவம்பர் முதல் ஞாயிறு, பகல் ரெண்டு மணிக்கு நீர் உம்மட வைனைக் கொண்டு வாரும். என்ர கறியும் என்ர வைனும் இருக்கும். ரெண்டையும் வைச்சுப் பாப்பம். மற்றதுகளை அதுக்குப் பிறகு கதைப்பம்."

மற்றதுகள் என்றால் கல்யாணம். அது மேசையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. பிந்தாதேயும் என்று ஒரு சொல்லும் சேர்த்துக்கொண்டார்.

நான் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பரோலோ வாங்கினேன். அதைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்து, வெயில் படாமல், ஆட்டாமல், பிறந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். இந்தப் போத்தலில்தான் என் கல்யாணம் இருக்கிறது என்று நம்பினேன். அதில் பிழையில்லை, பிறகு உண்மையில் அப்படித்தான் நடந்தது.

சொன்ன திகதிக்குச் சரியாக ஒரு கிழமை முந்திய ஞாயிறு காலை குணம் அங்கிள் மாரடைப்பில் போய்விட்டார். கீழ்க் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தவர் அந்தக் கதிரையிலேயே சாய்ந்திருந்தாராம். யாழினியின் தாயார், அன்ரி, மேலே இருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தகனம். அதெல்லாம் முடிந்து கார் தரிப்பிடத்துக்கு வந்து போனை எடுத்தபோதுதான், நான் கேட்காமல் விட்ட ஒரு குரல் தகவல் கிடப்பதைக் கண்டேன். தெரியாத நம்பர், போன சனிக்கிழமை, அவர் சாவதற்கு முதல் நாள் மத்தியானம் வந்தது. காரின் கதவைச் சாத்திவிட்டுக் காதில் வைத்தேன். முதலில் சின்னதாக ஓர் இருமல். பிறகு நீளமாக ஒன்று.

"தம்பி, நவம்பர் முதல் ஞாயிறு ரெண்டு மணி. வைனை மறந்துபோடாதேயும்."

அப்போதுதான் அவருடைய உடலை எரிக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். ஜன்னலில் யாரோ தட்டினார்கள். நான் போட்ட சத்தத்தில் தட்டிய அன்ரியும் பயந்துபோனார்.

ஜன்னலை இறக்கியதும் அன்ரி உள்ளே கையை நீட்டி என் கையைப் பிடித்தார். ஒரு கிழமையில் பத்து வயது கூடியிருந்தது.

"தம்பி, அவர் உம்மட வைன் வருமெண்டு பாத்துக்கொண்டு இருந்தவர். ஞாயிறு எட்டுச் செலவு. படையலுக்கு அதைக் கொண்டு வாரும்."

எட்டுச் செலவு என்பது எங்கள் ஆட்கள் செத்தவருக்கு எட்டாம் நாளில் கொடுக்கும் சாப்பாடு. அவர் உயிரோடு இருக்கும்போது விரும்பியதெல்லாம் சமைத்து, குடித்ததெல்லாம் ஊற்றி, ஓர் அறையில் இலை போட்டுப் படைத்து, விளக்கை ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிடுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. படையல் சாப்பாட்டைச் சமைக்கிறவர்கள் ருசி பார்க்கக் கூடாது. முதல் வாய் அவருக்குத்தான்.

கனடாவில் இந்தச் சடங்குகளைச் சனி, ஞாயிறு பார்த்து முன்பின்னாகத் தள்ளித்தான் வைப்பார்கள். இவருக்கு அப்படித் தள்ளத் தேவை இருக்கவில்லை. எட்டாம் நாள் தானாகவே ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் பகல் இரண்டு மணி. நான் பிந்தவில்லை. அவரும் பிந்தவில்லை.

அன்று முதல் பனி கொட்டியிருந்தது. வீட்டின் பக்கக் கதவருகே அங்கிளுடைய கறுப்புச் சமையலறைச் சப்பாத்துகள் இருந்தன, நுனி வீட்டைப் பார்த்தபடி. கழற்றி வைப்பவர்கள் வழக்கமாகச் சுவரைப் பார்த்து வைப்பார்கள், இது இப்போதுதான் யாரோ உள்ளே போகப் புறப்பட்டது போல் இருந்தது. நான் என் சப்பாத்தைத் தூரமாகத் தள்ளி வைத்தேன்.

கீழ்க் குசினியின் மேசையில் தலைவாழை இலை. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கணவாய், நண்டு, அவர் ரெஸ்ரோரன்டில் செய்யும் ஒரு பாஸ்டா, ஒரு சிகரெட், வெற்றிலை. கதிரையில் அவருடைய ஏப்ரன் மடிப்புக் குலையாமல் கிடந்தது. அதற்கு மேலே சுவரில் மாலை போட்ட படம். அன்ரி லாம்புரூஸ்கோவை எவர்சில்வர் ரம்ளரில் ஊற்றி இலையின் வலப்பக்கம் வைத்தார். கறியை அவரே சமைத்திருந்தார். முப்பத்தி நாலு வருடம் அங்கிள் ருசி பார்த்து உப்புச் சொல்லாமல் அவர் ஒரு கறியையும் அடுப்பால் இறக்கியதில்லையாம். இன்றைக்குத்தான் முதல் தடவை, உப்புத் தெரியாமல் இறக்கினேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, பரோலோவுக்குக் கண்ணாடிக் கிளாஸ் வேண்டும் என்பதுதான்.

கிளாஸ் வந்தது. போத்தலை இடப்பக்கம் வைத்தேன். லேபல் படத்தைப் பார்க்கும்படி திருப்பினேன். நேராக இல்லை என்று மறுபடியும் திருப்பினேன். அங்கிளின் தமையன், றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்திருந்த பெரியப்பா, என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். தன் கோயில் சிநேகிதரின் மகன் ஓர் எஞ்ஜினியர், அவனை யாழினிக்குப் பார்த்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தன் தம்பி சம்மதம் சொல்லாமல் போனதால் இந்தப் பொடியனின் கதை அவ்வளவுதான் என்று வெள்ளிக்கிழமையே நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். நேரமாகிவிட்டது, வெளியே வாருங்கள் என்று அதட்டினார். மின்விளக்கை அணைத்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

அன்ரியும் பெண்களும் கீழே படிக்கட்டில் இருந்துகொண்டார்கள், நாங்கள் ஆண்கள் மேலே ஹாலில். ஐந்து நிமிடம் போயிருக்கும். என் காற்சட்டைப் பைக்குள் ஏதோ கூராகக் குத்தியது. எடுத்துப் பார்த்தேன். தக்கை இழுக்கும் திருகி.

போத்தலை நான் திறக்கவேயில்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அப்படித்தான் வகுப்பிலும் வேலையிடத்திலும் சொல்லி வந்தேன். ஆனால் அந்த நிமிடத்தில் என் மனத்தில் ஓடியது இதுதான்: அவர் வந்து இருந்திருப்பார், வலப்பக்கம் ஊற்றி வைத்திருக்கிறது, இடப்பக்கம் மூடிக் கிடக்கிறது, பையன் இதைக்கூடச் சரியாகச் செய்யவில்லை என்று எழும்பிப் போய்விடுவார். வருவார் என்றே தான் நம்பாத ஒருவரிடம் தோற்கக்கூடாது என்று இவ்வளவு பதறியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹாலை விட்டு வந்தேன். பக்கக் கதவடியில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு இறங்கும் படி இருந்தது. அதைத் தாண்டினால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறை. அங்கே இருந்து கீழ்க் குசினிக்கு ஒரு மெல்லிய மடிப்புக் கதவு உண்டு. அந்தச் சப்பாத்துகளைக் கடந்து காலுறையோடு இறங்கினேன்.

குசினி இருட்டாக இருந்தது. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலைப் பனி மூடியிருந்தது. விளக்கின் சுடர் மட்டும் நின்றது. அது அசையாமல் நின்றது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. பிறகு அது மெல்ல என் பக்கம் சாய்ந்தது. என் பின்னால் ஃபர்னஸ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியதால்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. மன்னிக்க வேண்டும் அங்கிள், ஒரு நிமிடம்தான் என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

திருகியைத் தக்கைக்குள் ஏற்றி இழுத்தேன். தக்கை பாதியில் முறிந்தது. மிச்சத்தைப் பிடுங்க மூச்சைப் பிடித்து இழுத்தபோது, வெடித்தது போல ஒரு சத்தத்தோடு வந்தது. படிக்கட்டுப் பக்கம் பெண்களின் கசமுசா சட்டென்று நின்றது. அது மறுபடியும் தொடங்கிய பிறகு கிளாஸில் ஊற்றினேன். தக்கைத் தூள் மிதந்தது. விரலால் எடுத்தேன். இனி, வைன் கெட்டுப் போயிருந்தால்? கெட்ட வைனைப் படைப்பதா? வகுப்பில் சொல்லித் தந்தபடி ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது.

அத்தோடு போயிருக்கலாம். கால் நகர்ந்தும் விட்டது. ஆனால் இலையில் கறி ஆவி பறந்துகொண்டு இருந்தது. இந்த வைனும் இந்தக் கறியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நான் எப்படி வீட்டுக்குப் போவது? அவரோடு நான் கதைத்த கதைக்கு முடிவு அந்த இலையில் இருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். மேலே பரோலோவைக் குடித்தேன்.

வாய்க்குள் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை இல்லை. உறைப்பு நாக்கைப் பிடித்தது, துவர்ப்பு வந்து அதைப் பிடித்து முறுக்கியது. பச்சை வாழைக்காயைக் கடித்துவிட்டு மிளகாய்த்தூளைக் கொட்டியது போல் இருந்தது. கண்ணால் நீர் கொட்டியது. தொண்டையில் இருமல் முட்டியது. இருமினால் செத்தேன் என்று சட்டைக் கையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். மூச்சு வரவில்லை. கைக்கு எட்டியது எதுவென்று பார்க்காமல் எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன். குளிர், மெல்லிய இனிப்பு, நுரை. எரிச்சல் அப்படியே அடங்கி, கறியின் வாசனை மட்டும் வாயில் நின்றது. இவ்வளவு நல்ல ஆட்டிறைச்சிக் கறியை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

குனிந்து பார்த்தேன். என் கையில் எவர்சில்வர் ரம்ளர். வெறும் ரம்ளர்.

அவர் சொன்னதுதான் சரி. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, சத்தம் வராமல் சட்டைக் கையை மறுபடியும் வாய்க்குள் அடைத்தேன். சொல்வதற்கு அவர் இல்லை.

அப்போது இருமல் கேட்டது. முதலில் சின்னதாக ஒன்று. பிறகு நீளமாக ஒன்று.

கதவுக்கு அப்பால் பெரியப்பா இருமுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே இருமல். கதவுக்கு அப்பால் ஒரு பெண் வீறிட்டாள், யாரோ அவளை அடக்கினார்கள். பிறகு கதவின் மேல் ஒரு கை உரசுகிற சத்தம்.

"இஞ்சாருங்கோ," என்றார் அன்ரி. புருஷனைக் கூப்பிடும் குரல். "வந்திட்டீங்களோ?"

பின்னால் போகலாம் என்று பார்த்தேன், கால் வரவில்லை. விளக்கு, படம், கதிரையில் ஏப்ரன், நான். அந்த அறையில் அங்கிள் இல்லை என்று எனக்கே நம்ப முடியவில்லை.

அன்ரி கதவோடு வாயை வைத்துக் கதைத்தார். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளில்லை என்றார். உங்கள் தமையன் வேறு இடம் பேசுகிறார், நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றார். அந்தப் பொடியனின் வைன் பிடித்ததா என்று கேட்டார். நான் ஒரு முனகல் முனகியிருந்தால் போதும், அன்றைக்கே கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். பெரியப்பாவும் வாயைத் திறந்திருக்க மாட்டார். அந்த யோசனை எனக்கு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வந்த வேகத்தில் என் மேலேயே அருவருப்பும் வந்தது. சட்டைக் கையை இன்னும் இறுக்கிக் கடித்தேன்.

பிறகு அன்ரியின் குரல் உடைந்தது.

"நான் ருசி பாக்கேல்ல. உப்புச் சரியே? கூடிப் போச்சே?"

முப்பத்தி நாலு வருடம் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் நான் மட்டும்தான். அந்த மனிசி கதவுக்கு அப்பால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. சட்டைக் கை எப்போது வாயில் இருந்து விழுந்தது என்று தெரியாது.

"உப்புச் சரி அன்ரி," என்றேன்.

செத்த புருஷன் பெண்சாதியை அன்ரி என்று கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. பிறகு அந்த வீட்டில் எழும்பிய சத்தத்தைப் பக்கத்து வீட்டுச் சீனர்கள் வந்து விசாரித்தார்கள். ஒரு சின்னம்மா படியால் மேலே ஓடி, அப்படியே வாசலைத் தாண்டி, வெறுங்காலோடு பனிக்குள் போய் நின்றார். கதவு திறந்தது. மின்விளக்கு எரிந்தது. இலைக்கு முன்னால் நான், கையில் ரம்ளர், வாயோரம் கறி.

பெரியப்பா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார். படையலை எச்சில் படுத்தியவன், செத்த வீட்டை அவமதித்தவன், இவனை வெளியே தள்ளுங்கள் என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நியாயம். யாழினியைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

அன்ரி மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலப்பக்கம் வெறும் ரம்ளர். இடப்பக்கம் பரோலோ, கிளாஸில் முக்கால்வாசி மிச்சம்.

"எதைக் குடிச்சனீர்?"

"ரெண்டையும் அன்ரி. அங்கிளின்ரயைத்தான் முழுக்கக் குடிச்சனான்."

"ஏன்?"

"என்ர வைன் கறியோட சரிவரேல்ல. அங்கிள் சொன்னதுதான் சரி. நான் சொன்னது பிழை."

அன்ரி படிக்கட்டில் இருந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அழுகை இல்லை, எட்டு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரித்து முடித்த பிறகுதான் அழுதார். அழுதபடியே பெரியப்பாவிடம் சொன்னார்.

"அத்தார், அவர் எனக்குச் சொன்னவர். உவன் குடிச்சுப் பாத்திட்டு, தான் சொன்னது பிழை எண்டு வாய் திறந்து சொன்னானெண்டால் பிள்ளையைக் குடுப்பம். அப்பவும் சேர்ட்டிபிகேட் கதை கதைச்சானெண்டால் விடுவம் எண்டு."

பெரியப்பா படியேறி மேலே போனார். அன்ரி புதிதாக ஓர் இலை போட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் படைத்தார். லாம்புரூஸ்கோவை அவரே ஊற்றினார். பரோலோவை என்னிடம் தந்து, இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வையும் என்றார். இரண்டாம் தடவை கதவைச் சாத்தும்போது, என்னைத் தனக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருத்தி வைத்துக்கொண்டார்.

திவசம் முடிந்து அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. சேர்ட்டிபிகேட்டைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணியில் இப்போது யாழினியின் குளிர் மேலங்கி தொங்குகிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது கறியை ருசி பார்த்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும், உப்புச் சரி அன்ரி என்பார்கள். என் பிள்ளைகளுக்குத் தமிழில் தெளிவாகச் சொல்ல வருகிற வசனங்களில் இதுவும் ஒன்று. தங்கள் தாத்தாவின் சாப்பாட்டை அப்பா களவெடுத்தவர் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த இருமலை வெளியே நின்ற எல்லோரும் கேட்டார்கள், அறைக்குள் இருந்துதான் வந்தது என்கிறார்கள். பெரியப்பா அப்போது மேலே ஹாலில் தேவாரம் படித்துக்கொண்டு இருந்தாராம். நீங்கள்தான் இருமினீர்கள் என்கிறாள் யாழினி. சட்டைக் கை வாய்க்குள் இருந்தது என்று நானும் ஒரு காலம் வாதாடினேன். இப்போது, நான்தான் இருமினேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். இரவில் பேஸ்மென்டுக்கு இறங்கி உடுப்புத் தோய்க்க வேண்டியவனுக்கு அதுதான் வசதி.

இப்போது எனக்கு மாமியாகிவிட்ட அன்ரியிடம் ஒருமுறை கேட்டேன். முப்பத்தி நாலு வருஷம் பக்கத்தில படுத்த எனக்கு அது ஆரின்ர இருமல் எண்டு தெரியாதோ என்றார், வெங்காயத்தை வெட்டுவதை நிறுத்தாமல்.

ஒவ்வொரு திவசத்துக்கும் மாமி ருசி பார்க்காமல் சமைக்கிறார். குளிர்ந்த லாம்புரூஸ்கோ இரண்டு ரம்ளர் ஊற்றுவார், ஒன்று அவருக்கு, மற்றது கதவுக்கு வெளியே எனக்கு, உள்ளே போகாமல் இருப்பதற்கு. கதவைச் சாத்திவிட்டு, உப்புச் சரியே என்று கேட்பார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள், வீடு சிரிக்கும். சிரிப்பு அடங்கிய பிறகும் மாமி கொஞ்ச நேரம் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். அப்போது நாங்கள் ஒருவரும் கதைப்பதில்லை.